வானத்தில் குதிப்பவனுக்கு இரண்டு பாராசூட், கடலில் குதிப்பவனுக்கு?

சொந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சிரலாம். உங்க வீட்டுலயோ தெருவுலயோ சங்கு குளிக்கப் போறவங்க யாராவது இருந்தா, தயவு செஞ்சு கடைசி வரை படிங்க.

போன வாரம் என் பள்ளிக்கூட நண்பன் துபாயில இருந்து ஒரு வீடியோ அனுப்பினான். உடன்குடிக்காரன்தான். ஒரு காலத்துல கருப்பட்டி மண்டியில அவங்க அப்பாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துட்டு இருந்தவன், இப்போ 13,000 அடி உயரத்துல விமானக் கதவு ஓரமா நிக்கான். பயிற்சியாளர் ஒருத்தரை அவன் முதுகோட சேர்த்துக் கட்டியிருக்காங்க. குதிச்சான், கத்தினான், பத்திரமா தரையில வந்து உக்காந்தான். "ஏல, நீயும் வாலே"ன்னு கூடவே ஒரு மெசேஜ்.

நான் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். அவன் குதிச்சதைப் பார்க்க இல்ல. குதிக்கிறதுக்கு முன்னாடி நடந்ததைப் பார்க்க.

பெல்ட்டை மாட்டும்போது ஒரு தடவை ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்க்காங்க. விமானத்துல ஏறும் முன்னாடி இன்னொரு தடவை. கதவு திறக்குறதுக்கு முன்னாடி மறுபடியும். பல்லாயிரம் தடவை குதிச்ச ஆளா இருந்தாலும் இந்தச் சோதனை உண்டு.

முதுகுல இருக்கிற பைக்குள்ள பாராசூட் ஒண்ணு இல்ல, ரெண்டு. முதலாவது விரியலைன்னா அதைக் கழற்றி விட்டுட்டு ரெண்டாவதை விரிக்கணும். அந்த ரெண்டாவதை மடிச்சு வைக்க, அதுக்குன்னு உரிமம் வாங்கின ஆள் வேணும். இதுக்கும் மேல, குதிச்சவர் மயங்கியே போயிட்டாலும், தரையை நெருங்கும்போது தானாவே ரெண்டாவது பாராசூட்டை விரிக்கிற ஒரு சின்னக் கருவியும் உள்ள இருக்கு.

இவ்வளவும் எதுக்கு? பொழுதுபோக்குக்காகக் குதிக்கிற ஒரு மனுஷனுக்கு.

இப்போ நம்ம கரைக்கு வாங்க.

தூத்துக்குடி திரேஸ்புரத்துல இருந்தும் மன்னார் வளைகுடா ஓரத்து மற்ற ஊர்கள்ல இருந்தும் சங்கு எடுக்கக் கடலுக்குள்ள குதிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? பல படகுல பஞ்சர் கடையில டயருக்குக் காத்து அடிக்கிற மாதிரி ஒரு கம்ப்ரசர். அதுல இருந்து நீளமா ஒரு ஓஸ். அந்த ஓஸோட நுனியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு 8 பாகம், 10 பாகம் ஆழத்துக்கு இறங்குறாங்க. ஒரு பாகம்னா ஏறத்தாழ 6 அடி. 10 பாகம்னா 18 மீட்டர்.

ஓஸ் பிடுங்கிக்கிட்டா? இன்ஜின் நின்னு போனா? ரெண்டாவது பாராசூட் கிடையாது.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.

பதநீர் சீசன். ராத்திரி 7 மணி இருக்கும். 25 வயசுப் பையனை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. "பனையில இருந்து விழுந்துட்டான் டாக்டர்"னு சொன்னாங்க. உடன்குடிப் பக்கம் டூட்டி பார்க்கிற எந்த டாக்டருக்கும் இது பழகின வாக்கியம். நானும் நம்பிட்டேன். ரெண்டு காலும் அசையல. தொப்புளுக்குக் கீழ கிள்ளினாத் தெரியல. சிறுநீர் பை வீங்கி நிக்குது. முதுகெலும்பு முறிவுன்னு முடிவு பண்ணி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினேன்.

எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்ல.

திரும்ப வந்து பையனை நிதானமாப் பார்த்தேன். உடம்புல ஒரு சிராய்ப்பு இல்ல. பனையேறுறவங்களுக்கு நெஞ்சுலயும் கையிலயும் இருக்கிற காய்ப்பு இல்ல. கண்ணைச் சுத்தி வட்டமா மாஸ்க் அழுத்தின தடம். தலைமுடியில உப்பு.

அவங்க அப்பாவைத் தனியாக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, தம்பி குளிச்சானா?"ன்னு கேட்டேன். அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்.

மத்தியானமே மேல வந்திருக்கான். வந்த கொஞ்ச நேரத்துல தோள் வலி, அப்புறம் கால் மரத்துப் போயிருக்கு. "கீழ போனா சரியாயிரும்"னு மறுபடி இறக்கி விட்டிருக்காங்க. கரைக்கு வந்து எண்ணெய் போட்டு நீவியிருக்காங்க. ஆஸ்பத்திரியில உண்மையைச் சொன்னா போலீஸ், வனத்துறை வருமோன்னு பயந்து பனைக் கதையைத் தயார் பண்ணியிருக்காங்க. இதுலயே ஆறு, ஏழு மணி நேரம் போயிருச்சு. என் பங்குக்கு நானும் முக்கால் மணி நேரத்தை எக்ஸ்ரேயில கழிச்சேன். முதல் நிமிஷமே உடம்பைச் சரியாப் பார்த்திருக்கணும். பார்க்கல. அது என் தப்பு.

அப்புறம் ஆக்சிஜன் போட்டு, மேல் சிகிச்சைக்கு அனுப்பி, அழுத்த அறை இருக்கிற ஊருக்கு அவன் போய்ச் சேர்ந்தது மறுநாள் மத்தியானம். இப்போ கம்பு ஊணி நடக்கான். சிறுநீருக்கு இன்னும் டியூப்தான்.

அந்தப் பையன் உடம்புக்குள்ள என்ன நடந்துச்சு?

நாம சுவாசிக்கிற காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். தரையில அது உள்ள போய் அப்படியே வெளிய வந்துரும். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம்ம மேல இருக்கிற அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 20 மீட்டர் ஆழத்துல அது தரையில இருக்கிறதைப் போல 3 மடங்கு. அந்த அழுத்தத்துல சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்துலயும் கொழுப்புலயும் நரம்புலயும் கரையும். எவ்வளவு நேரம் கீழ இருக்கோமோ அவ்வளவு கரையும்.

மெதுவா மேல வந்தா, கரைஞ்சது நுரையீரல் வழியா மெதுவா வெளியேறிரும். சட்டுன்னு வந்தா? கோலி சோடாவை உடைச்ச மாதிரிதான். ரத்தத்துக்குள்ளயும் தசைக்குள்ளயும் குமிழி கிளம்பும். மூட்டுல நின்னா வலி. தோலுல நின்னா திட்டுத் திட்டா நிறம் மாறும். காதுல நின்னா தலை சுத்தும். தண்டுவடத்துல நின்னா கால் போயிரும். பெரும்பாலும் மேல வந்த சில மணி நேரத்துலயே அறிகுறி தெரிஞ்சிரும். சிலருக்கு ஒரு நாள் வரை ஆகலாம்.

இது இன்னைக்குக் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. நியூயார்க்குல 1883இல் திறந்த புரூக்ளின் பாலத்துக்கு ஆத்துக்கு அடியில அழுத்தக் காத்து அறையில வேலை பார்த்தவங்களுக்கு இதே நோய் வந்துச்சு. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே இதுல முடங்கிப் போனார். 1908இல் ஜான் ஹால்டேன் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில வச்சுச் சோதிச்சு, எவ்வளவு ஆழத்துல எவ்வளவு நேரம் இருந்தா எப்படி மேல வரணும்னு அட்டவணையே போட்டுக் கொடுத்துட்டாங்க. அந்த அட்டவணை வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. அது நம்ம படகுக்குத்தான் இன்னும் வந்து சேரல.

"டாக்டர், இதெல்லாம் புதுசாச் சொல்றீங்க. எங்க தாத்தா முத்துக் குளிச்சவர், அவருக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி.

தாத்தா ஒரே மூச்சை அடக்கிக்கிட்டு இறங்கினார். காலுல கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் சொச்சத்துல மேல வந்துட்டார். கீழ இருந்து அழுத்தக் காத்தை அவர் சுவாசிக்கல. அதனால அவர் உடம்புல இவ்வளவு நைட்ரஜன் சேர வழியில்ல. நீங்க கீழயே சுவாசிக்கிறீங்க, மணிக்கணக்குல. தொழில் பேரு ஒண்ணுதான், உடம்புக்கு நடக்கிறது வேற.

தாத்தா காலத்துல இன்னொண்ணும் இருந்துச்சு. படகுல கயிறைப் பிடிச்சு மேல இழுக்கிற ஆளா மச்சானைத்தான் வைப்பாங்கன்னு நம்ம கரையில சொல்வாங்க. தன் தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கயிறை விடமாட்டான்ங்கிற கணக்கு. ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்புல சுறா வாயைக் கட்டுறதுக்குன்னே 'கடல்கட்டி'ன்னு ஒருத்தர் இருந்தார். அவர் மந்திரத்துல சுறா கட்டுப்பட்டுச்சான்னு கேக்காதீங்க. குளிக்கிறவன் உயிரைப் பத்தி யோசிக்க ஒருத்தருக்குக் கூலி கொடுத்து வச்சிருந்தாங்க, அதைத்தான் சொல்றேன்.

தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அமெரிக்க பாராசூட் சங்கம் தன்னோட சாவுக் கணக்கை எழுத ஆரம்பிச்சதும் அதே 1961தான். 1970களில் அங்க வருஷத்துக்குச் சராசரியா 40 பேருக்கு மேல செத்தாங்க. 2023இல் சுமார் 36 லட்சம் குதிப்புகளுக்கு 10 பேர். இடையில என்ன மாறுச்சு? வானம் மாறல, புவியீர்ப்பு மாறல. கருவியை மாத்தினாங்க, பயிற்சியை மாத்தினாங்க. ஒவ்வொரு சாவையும் எப்படி நடந்துச்சு, எங்க தப்புன்னு எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டாங்க. "விதி"ன்னு சொல்லி மூடி வைக்கல.

நம்ம பிள்ளைகளுக்குத் தைரியம் குறைச்சலா? இல்லவே இல்ல. துபாய்க்காரனைவிடப் பத்து மடங்கு உண்டு. தைரியம் இருக்கிறதாலயே மத்த எதுவும் வேண்டாம்னு நாம விட்டுட்டோம்.

சரி, என்ன செய்யணும்? ஒரு டாக்டரா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

1. காத்து. கம்ப்ரசர் காத்து இழுக்கிற குழாய், இன்ஜின் புகை வர்ற பக்கம் இருக்கவே கூடாது. குழாயை நீட்டி, உயர்த்தி, காத்து வீசுற திசைக்கு எதிர்ப்பக்கம் வைங்க. புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆழத்துல அதோட வீரியம் பல மடங்கு. கீழ தலை வலிச்சா, குமட்டினா, அது பித்தம் இல்ல, நிதானமா மேல வாங்க. காத்துல எண்ணெய் வாடை அடிச்சா அன்னைக்கு இறங்காதீங்க. அந்த எண்ணெய் நுரையீரல்லதான் போய்ப் படியும். வடிகட்டியை மாத்தின தேதியைக் கம்ப்ரசர் மேலயே எழுதி வைங்க.

2. ரெண்டாவது பாராசூட். இடுப்புல ஒரு சின்ன சிலிண்டர், அதுக்குன்னு தனி ரெகுலேட்டர். ஓஸ் போனாலும் மேல வர்ற அளவுக்குக் காத்து இருக்கும். ஓஸ்ல காத்து திரும்பிப் போகாம தடுக்கிற வால்வு கட்டாயம். சம்மாட்டிமாரே, ஒரு நல்ல நாள் சங்கு வருமானத்தை இதுக்கு ஒதுக்குங்க.

3. மூணு சோதனை. கரையில ஒண்ணு, படகுல ஒண்ணு, குதிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க கருவியை நீங்க மட்டும் பார்க்காதீங்க, பக்கத்துல இருக்கிறவரும் பார்க்கட்டும். "என்மேல நம்பிக்கை இல்லையா மாப்ள"ன்னு யாரும் கோவிச்சுக்க வேண்டாம்.

4. நேரம். பொழுதுபோக்கு ஸ்கூபா அட்டவணைப்படி 18 மீட்டர்ல முதல் தடவை ஏறத்தாழ 55 நிமிஷம்தான். 30 மீட்டர்னா வெறும் 20 நிமிஷம். அதே நாள் ரெண்டாவது தடவை இறங்கினா இன்னும் குறையும். மொத்தமா மூணு, நாலு மணி நேரம் கீழ இருப்பேன்னு பெருமையாச் சொன்ன அண்ணாச்சிகள் என் ஓபிக்கு வந்திருக்காங்க. வந்தது இடுப்பு வலிக்கு. பல வருஷம் இப்படிக் குளிச்சா, இடுப்பு, தோள் மூட்டு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாம உள்ளுக்குள்ளயே செத்துப் போகலாம். அதனால "முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லாதீங்க. ஒரு எம்ஆர்ஐ எடுத்துட்டுச் சொல்லுங்க.

5. மேல வர்றது. நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல வேகம் கூடாது. 5 மீட்டர் ஆழத்துல 3 நிமிஷமாவது நின்னுட்டு வாங்க. வரும்போது மூச்சை அடக்கவே அடக்காதீங்க. உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரல் கிழியும். ரெண்டு ஆள் உயரத் தண்ணியிலகூட இது நடக்கும்.

6. வலிச்சா மறுபடி இறங்காதீங்க. கீழ போனா வலி குறையுற மாதிரித் தெரியும், உண்மைதான், குமிழி அழுத்தத்துல சுருங்கும். ஆனா திரும்ப மேல வரணுமே? கூடுதல் நைட்ரஜனோட வருவீங்க. இடையில கால் செயலிழந்தா கடலுக்குள்ளயே போயிருவீங்க. நீவி விடுறதும் வேண்டாம், சாராயமும் வேண்டாம்.

7. குளிச்ச அன்னைக்கு மலை ஏறாதீங்க. சாயங்காலம் குளிச்சுட்டு ராத்திரி குடும்பத்தோட கொடைக்கானல் போறது, விமானம் ஏறுறது ரெண்டும் ஆபத்து. உயரம் போகப் போக அழுத்தம் குறைஞ்சு குமிழி பெருக்கும். அட்டவணைக்குள்ள நின்னு குளிச்சவங்களே 18 மணி நேரம் காத்திருக்கணும். நம்மள மாதிரி நீண்ட நேரம் குளிக்கிறவங்க 24 மணி நேரத்துக்கு மேல.

ஒருத்தருக்கு அறிகுறி வந்துட்டா? மல்லாக்கப் படுக்க வைங்க, உக்கார வைக்காதீங்க. படகுல ஆக்சிஜன் இருந்தா உடனே போடுங்க. நினைவு தெளிவா இருந்தா தண்ணி கொடுங்க. 108க்கு அடிங்க. அழுத்த அறை வசதி உள்ள இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. நோயாளியை மறுபடி உயர் அழுத்தத்துல வச்சு ஆக்சிஜன் கொடுத்து, பல மணி நேரமா மெதுவா அழுத்தத்தைக் குறைக்கிறதுதான் இதுக்கு உண்மையான மருந்து. கேரளாப் பக்கம் போறதா இருந்தா குமுளி மலைப் பாதை வேண்டாம். நாகர்கோவில் வழியாத் தாழ்வான பாதையில போங்க.

ஆஸ்பத்திரியில நீங்க சொல்ல வேண்டியது மூணே மூணு விஷயம். எவ்வளவு ஆழம். எவ்வளவு நேரம். எத்தனை மணிக்கு மேல வந்தீங்க.

என்ன எடுத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கடல் அட்டை 2001ல இருந்து வன உயிரினச் சட்டத்துல வருது, அதை எடுக்கக் கூடாது, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா என் மேஜைக்கு வந்த பிறகு நீங்க நோயாளி. விபத்துப் பதிவேட்டுல எழுதத்தான் செய்வேன், அது என் கடமை. அந்தப் பதிவு உங்களுக்கும் வேணும். பதிவு செய்த மீனவருக்கு விபத்துக் காப்பீட்டுல சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் இருக்கு. பனையில இருந்து விழுந்ததா எழுதிட்டு எந்தக் காகிதத்தைக் கொண்டு போய்க் கேப்பீங்க?

என் சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை ஊர்ல இளவயசுக்காரர் கால் செயலிழந்து வந்தா, எக்ஸ்ரேக்கு முன்னாடி "குளிச்சீங்களா?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு, பை வச்ச மாஸ்க்ல ஆக்சிஜனை முழு வேகத்துல திறந்து விடுங்க. அதுக்கு ஸ்பெஷலிஸ்ட் வர வேண்டாம். எம்பிபிஎஸ் போதும்.

அரசாங்கத்துக்கும் சொல்லணும். மத்திய அமெரிக்காவுல ஹோண்டுராஸ் நாட்டு மிஸ்கிட்டோ மக்கள் சிங்கி இறாலுக்காக இப்படித்தான் குளிச்சு முடங்கினாங்க, செத்தாங்க. 42 பேருக்காக வழக்குப் போட்டாங்க. 2021 ஆகஸ்ட் 31இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சு. முதலாளிமார் கருவி கொடுக்கல, பயிற்சி கொடுக்கலைன்னா, அதைக் கண்காணிக்காத அரசும் பொறுப்புங்கிறதுதான் அதோட சாரம். அந்த அரசே பொறுப்பை ஒத்துக்கிட்டது.

நம்ம கரைக்கு நான் கேக்கிறது நாலு. குளிக்கிறவங்களுக்கு இலவசப் பயிற்சியும் உரிமமும். படகுக் கம்ப்ரசர்களுக்கு வருஷம் ஒரு சோதனை. தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைக்குப் பொதுவா, ராத்திரி பகல் எப்பவும் இயங்குற அழுத்த அறை. கடல்ல நடக்கிற ஒவ்வொரு சாவையும் காரணத்தோட வெளியிடுற ஒரு பதிவேடு. சட்டத்தைக் காட்டி விரட்டினா அவங்க குளிக்கிறதை நிறுத்தப் போறதில்ல. ராத்திரியில குளிப்பாங்க, ஆஸ்பத்திரியில பொய் சொல்வாங்க. அந்தப் பொய்க்கு விலையா ஒரு பையன் காலைக் கொடுத்ததை நான் பார்த்துட்டேன்.

கடைசியா, நாளைக்குக் காலையில கடலுக்குப் போற தம்பிக்கு. உன் தொழிலை விடுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. என் சம்பளம் ஒண்ணாம் தேதி வந்துரும், உனக்கு அப்படி இல்ல. இறங்குறதுக்கு முன்னாடி படகுல ஓஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் முகத்தைப் பாரு. கம்ப்ரசர் நின்னா என்ன செய்யணும்னு அவனுக்குத் தெரியுமான்னு கேளு. தெரியலைன்னா அன்னைக்கு ரெண்டு பேரும் கரையில உக்காந்து இதைப் படிங்க.

தெரிஞ்ச சம்மாட்டி யாராவது இருந்தா அவருக்கும் அனுப்பி வைங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.



ஓர் அரசு மருத்துவர், உடன்குடி